பழம்பாட்டும் முதற்பாடமும்

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1976இல் பள்ளி மாணவர் தொடங்கிய ராக் இசைக்குழு யூ2. அக்குழு தன் பழம்பாடல்களுள் 40ஐ மீண்டும் பாடிப் பதிவுசெய்து 2023இல் வெளியிட்டது. கித்தாரின் முழக்கம் தணிந்தது. சில பாடல்களில் சொற்களும் மாறின. சுவைஞர் இருகூறாயினர். முதிர்ந்த குரலில் புதுப்பொருள் கண்டோர் ஒருசாரார். பழைய வேகம் போயிற்றே என வருந்தினோர் மறுசாரார்.

டப்ளினில் பிறந்த கவிஞர் யேட்ஸும் தம் இளமைக் கவிதைகளைப் பிற்காலத்தில் பலமுறை திருத்தினார். திருத்தும் உரிமை படைத்தவர்க்கு உண்டு. ஆயினும், முதற்பாடம் கேட்டவர் நெஞ்சில் குடியேறிவிட்டது. யூ2வின் பழைய ஒலிப்பதிவுகள் அழியவில்லை. ஆகவே இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்கலாம். கவிதையிலோ திருத்தம் முதற்பாடத்தை மறைத்துவிடுகிறது. நம் பழங்கவிதைகளைத் தொகுக்குங்கால் இரு பாடங்களையும் காப்போமாக.