பனி நாட்டுப் புல்தரை

வட அமெரிக்காவின் குளிர் மாநிலங்களிலும் கனடாவிலும் வீட்டு வாசலை மூடியிருக்கும் புல் அந்த மண்ணில் பிறந்ததல்ல. அங்கே பரவலாக விதைக்கப்படும் கென்டக்கி புளூகிராஸ், ஐரோப்பியக் குடியேறிகளோடு கால்நடைத் தீவனமாக வந்து சேர்ந்தது. 15 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் அது செழிக்கும். கடுங்கோடையில் பழுப்பேறி உறங்கும். உறைபனியில் இலை கருகினாலும், மண்ணுக்கடியில் படரும் தண்டு பிழைத்துக் கிடந்து வசந்தத்தில் மீண்டும் துளிர்விடும். நான்கைந்து மாதம் பனி மூடும் ஊர்களில் அது நிலைபெற்றதற்கு இதுவே காரணம்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சாதாரணக் குடும்பங்களுக்குப் புல்தரை என்ற ஒன்று கிடையாது. வீட்டு முன்புறம் வெறும் மண்ணாகவோ காய்கறிப் பாத்தியாகவோ இருந்தது. புல்லைச் சீராக வைத்திருக்க நீண்ட பிடி அரிவாள் வீசும் தேர்ந்த ஆட்களோ ஆட்டு மந்தையோ வேண்டும்; இரண்டும் செல்வர்களுக்கே கட்டுப்படியாயின. அந்த நிலையை மாற்றியவர் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் நகருக்கு அருகே வாழ்ந்த எட்வின் பட்டிங். அப்பகுதிக் கம்பளி ஆலைகளில் துணியின் மேல் எழும்பி நிற்கும் பிசிறை ஓர் இயந்திரம் நறுக்கித் தள்ளும். உருளையைச் சுற்றித் திருகலாகப் பொருத்திய கத்திகள், அசையாத ஒரு தகட்டின் மேல் உரசிச் சுழலும். அதே அமைப்பைச் சக்கரத்தில் ஏற்றிப் புல்வெட்டும் இயந்திரத்துக்கு 1830-இல் அவர் காப்புரிமை பெற்றார். முழுக்க இரும்பாலான அந்தக் கனத்த இயந்திரத்தைப் பின்னாலிருந்து ஒருவர் தள்ள, முன்னாலிருந்து இன்னொருவர் இழுக்கவும் கைப்பிடி இருந்தது. அமெரிக்காவில் ஒருவரே தள்ளக்கூடிய எடை குறைந்த இயந்திரங்கள் 1870-களில் பரவிய பிறகுதான் புல்தரை நடுத்தர வீடுகளை எட்டியது.

கருவி வந்த வேளையில் கருத்தும் வந்து சேர்ந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஆண்ட்ரூ ஜாக்சன் டௌனிங் 1841-இல் வெளியிட்ட தோட்டக்கலை நூல், வீட்டைச் சுற்றிப் பசுமை வேண்டும் என்ற ஆசையை விதைத்தது. 1869-இல் சிகாகோவுக்கு அருகே ரிவர்சைடு புறநகரை வடிவமைத்த ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட், ஒவ்வொரு வீடும் தெருவிலிருந்து 30 அடி உள்வாங்கி நிற்க வேண்டும் என வகுத்தார். மறு ஆண்டே ஃபிராங்க் ஸ்காட் தம் நூலில், வீட்டு முன்புறத்தை வேலியடைத்து மறைப்பது அண்டை அயலாருக்கு இழைக்கும் அநீதி என்று வாதிட்டார். வேலிகள் அகன்றன, தனித்தனி வாசல்கள் ஒரே பசும்பரப்பாகத் தெரு நெடுக இணைந்தன. அதன்பின் ஒருவர் புல் வெட்டாமல் விட்டால் ஊரே பார்க்கும் நிலை உண்டானது.

குளிர் நாட்டில் இந்தப் புல்லைக் காப்பது தனி அறிவைக் கேட்கிறது. புதிதாக விதைக்க ஏற்ற காலம் ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் நடு வரை. அப்போது மண்ணில் சூடு மிச்சமிருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், களைகள் அடங்கியிருக்கும். இலையுதிர்காலச் சருகுகளை வாரி, கடைசி வெட்டைச் சற்றே ஒட்ட வெட்ட வேண்டும். நீண்ட புல்லும் சருகும் அப்படியே கிடக்க, உறையாத மண்மீது பனி விழுந்து மூடினால் அதனடியில் பூஞ்சை வளரும். பனி உருகும்போது சாம்பல் நிறத்திலோ இளஞ்சிவப்பிலோ வட்டத் திட்டுகளாகப் புல் படிந்து கிடக்கும். பனிக்கடியில் வோல் எனும் சிறு எலிகள் புல்லைக் கடித்து ஓட்டிய பாதைகளும் அப்போதுதான் தெரியவரும். சாலையில் பனியை உருக்கத் தூவும் உப்பு தெருவோரப் புல்லைக் கருக்கிவிடும். உண்மையில் பனி இந்தப் புல்லுக்குப் பகையல்ல. தளர்வான பனி போர்வையாகி வேரைக் காக்கிறது. கெட்டியாக உறைந்து நீண்ட காலம் மூடிக்கிடக்கும் பனிக்கட்டிதான் அதை மூச்சுமுட்ட வைக்கிறது.

ஒஹையோ மாநிலத்தின் மேரிஸ்வில்லில் 1868-இல் ஓ. எம். ஸ்காட் தொடங்கிய விதை வணிகம் 1928-இல் புல்தரைக்கென்றே தனி உரத்தை விற்கத் தொடங்கியது. அந்நாளில் நல்ல விதைக் கலவையில் வெள்ளைக் குளோவர் என்ற செடியும் சேர்ந்தே இருந்தது. நம் வயல்களில் கொழிஞ்சி செய்யும் வேலையை அது அங்கே செய்தது: வேர்முடிச்சில் நைட்ரஜனைச் சேர்த்துப் புல்லுக்கு ஊட்டியது. இரண்டாம் உலகப் போரையொட்டி 2,4-டி என்ற களைக்கொல்லி சந்தைக்கு வந்தது. அகன்ற இலைச் செடிகளைக் கொன்று புல்லை மட்டும் விட்டுவைப்பது அதன் இயல்பு. மஞ்சள் பூப் பூக்கும் டான்டிலியனுக்காகத் தெளித்த மருந்தில் குளோவரும் மடிந்தது. மருந்தைத் திருத்துவதை விட்டுவிட்டுக் குளோவரையே களை எனச் சொல்லத் தொடங்கினார்கள். இலவசமாகக் கிடைத்த நைட்ரஜனை அதன்பின் பையில் அடைத்து விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. புல்தரையின் வரலாற்றில் நேர்ந்த பெரிய பிழை இதுவே.

1947-இல் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் லெவிட் குடும்பத்தினர் கட்டத் தொடங்கிய லெவிட்டவுனில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. வேலி கூடாது, வெட்டும் பருவத்தில் வாரம் ஒருமுறை புல் வெட்ட வேண்டும் என்பவை வீட்டுப் பத்திரத்திலேயே நிபந்தனைகளாக இடம்பெற்றன. நகரச் சட்டங்களும் புல்லின் உயரத்தை வரையறுத்தன. ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கில் குடியேறிய ஸ்கார்பரோவை உள்ளடக்கிய டொரோண்டோவில் அந்த வரம்பு 20 சென்டிமீட்டர். ஆனால் அதே நகரில், இயற்கைத் தோட்டமாகச் செடிகளை வளரவிட்ட ஒருவருக்கு விதித்த தண்டத்தை 1996-இல் ஒன்டாரியோ மாகாண நீதிமன்றம் நீக்கியது. தோட்டமும் கருத்து வெளிப்பாட்டின் வடிவமே என்றது அத்தீர்ப்பு.

கனடாவில் புல்தரை ரசாயனத்துக்கு எதிரான முதல் தடை ஒரு சிற்றூரில் பிறந்தது. கியூபெக் மாகாணத்தின் ஹட்சன் ஊரில் ஜூன் இர்வின் என்ற தோல் மருத்துவர் ஊர்மன்றக் கூட்டங்களுக்குத் தொடர்ந்து சென்று எச்சரித்தார். 1991-இல் அழகுக்காகப் பூச்சிக்கொல்லி தெளிப்பதை ஊர்மன்றம் தடுத்தது. புல்பராமரிப்பு நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் 2001-இல் கனடா உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது. 2009-இல் ஒன்டாரியோ மாகாணம் முழுவதும் அத்தகைய தடை வந்தது. ஏரிகளில் பாசி பெருகுவதைக் கண்ட மினசோட்டா, பாஸ்பரஸ் கலந்த புல் உரத்தை 2005 முதல் மாநிலமெங்கும் கட்டுப்படுத்தியது. புதிதாகப் போடும் புல்தரைக்கும், மண் பரிசோதனையில் குறை தெரிந்தால் மட்டுமே பழைய தரைக்கும் விலக்கு உண்டு. தேனீக்கள் குறைந்துவருவதைக் கண்டு அதே மாநிலம் 2019-இல் இன்னொரு திட்டத்துக்கு நிதி ஒதுக்கியது. வீட்டுப் புல்தரையில் வெள்ளைக் குளோவர் முதலிய பூச்செடிகளைச் சேர்ப்பவர்களுக்குச் செலவின் ஒரு பகுதியை அரசே திருப்பித் தருகிறது.