சிங்கப்பூர்: பாறைக் காலக்கணிப்பும் நிலத்தடி வளமும்

புக்கிட் தீமா கருங்கல்லிலுள்ள சிர்க்கான் படிகங்களில் யுரேனியம் ஈயமாகச் சிதைந்த அளவைக் கொண்டு அதன் வயது கணிக்கப்படுகிறது. அது 20 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. தேக்காவை அடுத்த ரோச்சோர் கால்வாய்ப் பகுதியின் மென்களிமண்ணோ, கடல்மட்டம் உயர்ந்தபோது படிந்த நேற்றைய வண்டல்தான்.

வயதைவிட வெப்பமே இங்கு சுவையானது. கருங்கல்லின் கதிரியக்கத் தனிமங்கள் இன்றும் சூட்டை உமிழ்கின்றன. 1909இல் கண்டறியப்பட்ட செம்பவாங் ஊற்றின் நீர் ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வடக்கே தோண்டிய 1.76 கிலோமீட்டர் ஆழ்துளையில் 122 டிகிரி பதிவானது. எரிமலையற்ற தீவுக்கு இது வியப்பே!

மேற்கே, ஜூரோங் படிவுப்பாறைக் குகைகளில் 2014 முதல் திரவ ஹைட்ரோகார்பன்கள் சேமிக்கப்படுகின்றன. அவற்றின் கொள்ளளவு 14.7 லட்சம் கன மீட்டர்.