திருக்கார்த்திகை விளக்கீடு

திருமயிலையில் எலும்பும் சாம்பருமாய்க் குடத்துள் இருந்த பூம்பாவையை நோக்கித் திருஞானசம்பந்தப் பிள்ளையார் அருளிச்செய்த திருப்பதிகம் விளைத்த அற்புதத்தைச் சைவ நன்மக்கள் யாவரும் அறிவர். அப்பதிகம் ஒரு வரலாற்றுக் கருவூலமுமாம் என்பது பலராலும் கருதப்படுவதில்லை. அரவு தீண்டி மறைந்த சிறுமியை அழைக்குமிடத்துப் பிள்ளையார் அவள் காணாது போகலாகாத திருநாள்களையே ஒவ்வொன்றாக எண்ணுகின்றார். ஓணமும் ஆதிரையும் பூசமும் அவற்றுள் அடங்கும். கார்த்திகையைக் கூறுமிடத்து, அதனைத் தொன்மை வாய்ந்த நாளென்றும், மகளிர் கொண்டாடும் விளக்கீடென்றும் குறித்தருளினார். 7-ஆம் நூற்றாண்டிலேயே பழையதென எண்ணப்பட்ட விழா இஃது. அதனை மனையில் நடத்தியோர் மகளிரே.

இதனினும் முற்பட்ட சான்று அகநானூற்றில் உண்டு. நக்கீரர் பாடிய 141-ஆம் செய்யுளில், மழை ஓய்ந்து நிறைமதி அறுமீனோடு சேரும் இரவில், தெருவெங்கும் விளக்கேற்றி மாலை தூக்கிப் பழைய ஊரினர் பலரும் கூடி விழாவயர்வர். பொருள்வயிற் பிரிந்த தலைவனும் அவ்விழாவுக்கு வந்து சேரவேண்டுமென்று தலைவி விழைகின்றாள். பிரிந்தோர் வந்து கூடும் குடும்பத் திருநாளாக இது அன்றே விளங்கிற்று என்பது இதனாற் பெறப்படும். அச்செய்யுளிலேயே நெற்கதிரை முறித்துப் பசிய அவல் இடிக்கும் இளமகளிரும் காட்டப்படுகின்றனர். இக்காலத்துக் கார்த்திகை அவற்பொரிக்கும் அதற்கும் இயைபு உண்டென்று துணிந்து கூறுதற்கில்லை. எனினும் படிப்போர் உள்ளம் அங்கே செல்லாதிராது.

மலைமேல் இடும் கார்த்திகை விளக்கைத் திருத்தக்கதேவர் சீவகசிந்தாமணியில் உவமையாக ஆளுதலின், அவ்வழக்கமும் அவர் காலத்துக்கு முன்பே நாடறிந்ததாயிற்று. மாலும் அயனும் அடிமுடி தேடிக் காணாத சோதியே அண்ணாமலையாக நின்றது என்னும் புராண வரலாறு மலைத்தீபத்திற்குப் பொருள் தந்தது. இதனால் மனைவிளக்கு மறைந்ததில்லை. பிற்பகற் பொழுது மறைய மலையிற் சுடர் தோன்றியதைக் கண்ட பின்னரே தம் மனையில் விளக்கேற்றுதல் அண்ணாமலையைச் சூழ்ந்த ஊர்களின் முறை. திருக்கோயில் இல்லத்தின் விழாவைத் தன்பால் ஏற்றுக்கொண்டதேயன்றிப் பறித்துக்கொள்ளவில்லை.

இன்று எழுபது அகவை கடந்த முதியோர் தம் இளமைக் கார்த்திகையை நினைவுகூருங்கால், முதற்கண் கூறுவது மாவலியையே. திருநாளுக்குச் சில நாள் முன்னரே சிறுவர் ஆண்பனையின் உலர்ந்த பூக்கதிர்களைத் திரட்டிக் குழியிலிட்டு எரித்து, சாம்பராகுமுன் மூடிக் கரியாக்குவர். அக்கரியை நுண்ணிதாக இடித்துப் பழந்துணியிற் பொதிந்து இறுகக் கட்டி, பிளந்த பனைமட்டைகளின் இடையே செறித்துக் கயிறு பிணைப்பர். பாட்டியார் பழஞ்சேலையைக் கிழித்துக் கொடுப்பார். தந்தையார் முடிச்சு இறுகியுள்ளதா என்று இழுத்துப் பார்ப்பார். அந்திக்குப்பின் கனலிட்டுத் தலைக்குமேல் சுழற்றினால் பொற்பொறிகள் வட்டமிட்டுச் சொரியும். உள்ளே மகளிர் உடன்பிறந்தார் நலங்கருதி அகல் வரிசையிட்டு, பொரியுருண்டை படைப்பர். கோயில் முன்றிலிற் சொக்கப்பனை எரிந்தபின் அதன் கரியைக் கொணர்ந்து நெற்றியிலிடுவதும் வயலிற் தூவுவதும் உண்டு. காசு கொடுத்துக் கொள்ளவேண்டிய பொருள் இவற்றுட் சிலவே.

இப்போது மாவலி அருகிவிட்டது. பனையேறுவோர் குறைந்தனர், மரங்களும் குறைந்தன. தீபாவளியில் எஞ்சிய பட்டாசு அவ்விடத்தைப் பிடித்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் கயிறு சுழற்ற இடமில்லை, திண்ணையும் இல்லை. மலைத்தீபமோ தொலைக்காட்சியால் முன்னிலும் பலர் கண்ணுக்கு எட்டுகின்றது. மலை எல்லாக் காலத்தும் ஏறத்தக்கதாக இருப்பதில்லை. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெருமழையில் அம்மலைச்சரிவு இடிந்து சிறுவர் உட்பட எழுவர் இறந்தனர். அவ்வாண்டுத் தீபநாளில் பொதுமக்கள் மலையேற இசைவு கிடைக்கவில்லை. அந்நாளிலும் அகல்விளக்கை எவரும் தடுத்தாரல்லர். தொலைக்காட்சியில் மலைச்சுடரைத் தொழுதபின் தம் வாயிலில் ஓர் அகலும் ஏற்றாத வீட்டில், விழாவின் பழைய பகுதியே விடுபட்டதாகும்.

ஈழத்து யாழ்ப்பாணத்தார் இத்திருநாளைப் பிள்ளையார் ஆண்ட சொல்லாலேயே இன்றும் விளக்கீடு என வழங்குகின்றனர். வாயிலில் வாழைக்குற்றி நட்டு அதன் தலையிற் தீபம் வைப்பர். தடியில் துணி சுற்றி எண்ணெயில் தோய்த்த சிறு பந்தங்களைக் கிணற்றடியிலும் மாட்டுத் தொழுவிலும் வேலியோரத்திலும் சிறுவரே ஊன்றி வருவர்.