விரையாத எஞ்சினின் வரலாறு

இருப்புப்பாதையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் விரைவின் வரலாற்றையே எழுதினர். 1938இல் மணிக்கு 126 மைல் வேகத்தை எட்டிய 'மல்லார்ட்' என்னும் நீராவி எஞ்சினை இங்கிலாந்தில் அறியாதார் அரிது. அந்நாட்டிலேயே, மணிக்கு இருபது மைலுக்கு மேல் ஓடாத டீசல் எஞ்சின் ஒன்று 1952 முதல் 1962 வரை 996 கட்டப்பட்டது. பின்னாளில் '08 வகுப்பு' எனப் பெயர் பெற்ற அதனைப் பாடியவர் எவர்?

அதன் தொழில் ஷண்டிங். பல ஊர்ச் சரக்குப் பெட்டிகள் கலந்து வந்து நிற்கும் யார்டில், அவற்றைப் பிரித்து, ஊர்வாரியாகக் கோத்து, நெடுந்தொலைவு செல்லும் எஞ்சினிடம் ஒப்படைப்பது. முன்னர் இதனைச் செய்தவை நீராவி எஞ்சின்கள். வேலையற்று நின்ற வேளையிலும் அவை நிலக்கரியைத் தின்றன. இருவர் உழைப்பையும் வேண்டின. 1930களில் இலண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ் இரயில்வே தொடங்கிய டீசல் முயற்சிகளின் பயனே 08. ஆறு சிலிண்டர் கொண்ட, 350 குதிரைத்திறன் டீசல் எஞ்சின் மின்னாக்கியைச் சுழற்றும். அம்மின்சாரம் இரு மோட்டார்களை இயக்கும். பக்கத்தண்டுகள் மூன்று அச்சுகளையும் ஒன்றாய்ச் சுழற்றும். வேகத்தைத் துறந்து இழுவிசையைப் பெற்ற அமைப்பு அது.

புகை ஒழிந்தது, கரியள்ளிய ஃபயர்மேனின் வேலையும் ஒழிந்தது. எஞ்சின் துடைப்பவராகச் சேர்ந்து, ஃபயர்மேனாகி, ஓட்டுநராக உயர்ந்த தலைமுறைகளின் ஏணியில் ஒரு படி உடைந்தது. ஆதாயக் கணக்கில் இவ்விழப்புக்கு இடமில்லை.

ஆயினும் வென்ற எஞ்சினையும் காலம் விட்டுவைக்கவில்லை. ஷெஃபீல்டு அருகே 1965இல் திறக்கப்பட்ட டின்ஸ்லி யார்டுக்காக, இவ்வகை எஞ்சின்களை இரண்டிரண்டாய் இணைத்து மூன்று இணைகள் அமைத்தனர். அதற்குள் லாரிகள் சரக்கைக் கவர்ந்துகொண்டிருந்தன. பெட்டி பெட்டியாய்ச் சரக்கனுப்பும் வழக்கம் தேய்ந்தது, யார்டுகள் மூடப்பட்டன, 1985க்குள் அவ்விணைகளும் ஓய்வு பெற்றன. பிரிப்பதற்குப் பெட்டியே இல்லாதபோது பிரிக்கும் எஞ்சின் எதற்கு?

எனினும், எஞ்சியவற்றுள் சில 2020க்குப் பின்னரும் பணிமனைகளில் பயணிகள் பெட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தன. தம்மைவிடப் பன்மடங்கு விரையும் வண்டிகளை அவை புறப்பாட்டுக்கு ஆயத்தம் செய்தன. ஊர் போய்ச் சேர்ந்தவரைப் பாடும் நாம், வண்டியைக் கோத்துக் கொடுத்தவரையும் ஒருநாள் பாட வேண்டும்.