மஞ்சள் அட்டையும் அக்காவின் பத்து நாள் கணக்கும்

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, பெங்களூர்ல நான் இன்னும் போர்வையை விட்டு வெளியவே வரலை, சென்னையிலிருந்து அக்கா போன். "டேய், உனக்குத்தான் கணக்கு வரும்ல, ஒண்ணு பார்த்துச் சொல்லு."

அக்கா பையன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துல முப்பது பசங்களை எட்டு நாள் கென்யாவுக்குக் கூட்டிப் போறாங்களாம். (நம்ம காலத்துல வண்டலூர், மிஞ்சிப் போனா மகாபலிபுரம். அதுக்கே முதல் நாள் ராத்திரி தூக்கம் வராது.) கூடவே ஒரு பட்டியலும் கொடுத்திருக்காங்க. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, மலேரியா மாத்திரை, கொசு விரட்டி, முழுக்கைச் சட்டை, மூடி பிரிக்காத பாட்டில் தண்ணி.

அக்காவோட கணக்கு இது. "மாசப் பரீட்சை முடிஞ்சதும் சனிக்கிழமை ஊசி போட்டுடறேன். புதன்கிழமை கிளம்பறான். அடுத்த புதன் இங்க வந்து இறங்கும்போது பதினோரு நாள் ஆயிருக்கும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிச்சுத்தான் அந்த மஞ்சள் அட்டை செல்லும்னு போட்டிருக்கு. சரியா வருதுல்ல?"

விரல் விட்டு எண்ணினேன். சரியாத்தான் வருது. ஆனா எங்க தொழில்ல சில சமயம் ஒண்ணு நடக்கும். எழுதின டெஸ்ட் கேஸ் எல்லாம் பாஸ் ஆகும், ஆனா கஸ்டமர் கேட்டது அது இல்லை. இது அந்த மாதிரி.

"ஊசியை முன்னாடியே போட்டுடு"ன்னேன். "பரீட்சை நேரத்துல காய்ச்சல் வந்தா? அதுவும் மஞ்சள் காமாலை ஊசிதான் குழந்தையிலேயே போட்டாச்சேடா" என்றாள். மஞ்சள் காமாலை வேற, மஞ்சள் காய்ச்சல் வேற. (ஆனா அக்கா சொன்ன இந்தக் குழப்பம் வரலாற்றுல ஒருமுறை நிஜமாவே நடந்திருக்கு, கீழே வரும்.) போன்ல விளக்கி முடியாதுன்னு படிக்க உக்காந்தேன். படிச்சது இவ்வளவு ஆயிடுச்சு. அதான் இந்தப் பதிவு.

மஞ்சள் காய்ச்சல் ஆப்பிரிக்காவில் பிறந்த வைரஸ். அடிமைக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் கொசுவோடு சேர்ந்து அமெரிக்கக் கண்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கொசு நமக்கு அந்நியம் இல்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி, நம்ம மொட்டை மாடித் தொட்டியில் குடித்தனம் நடத்துவதே அதுதான். கொசுதான் காரணமாக இருக்கும் என்று கியூபாவின் கார்லோஸ் ஃபின்லே 1881-லேயே சொன்னார். இருபது வருஷம் யாரும் சட்டை செய்யவில்லை.

அதே 1881-ல்தான் பிரெஞ்சுக்காரர்கள் பனாமாவில் கால்வாய் வெட்ட ஆரம்பித்தார்கள். அங்கே அவர்கள் கட்டிய பெரிய ஆஸ்பத்திரியில், எறும்பு ஏறாமல் இருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி வைத்தார்கள். எங்க பாட்டி வீட்டில் பலகாரம் வைக்கும் அலமாரியின் நாலு காலுக்கும் இதே வைத்தியம்தான். எறும்பு ஏறலை, சரி. அந்தக் கிண்ணங்களில் கொசு முட்டையிட்டது. வேறு ஏதோ வியாதிக்காக வந்து படுத்தவனுக்கும் மஞ்சள் காய்ச்சல் ஒட்டியது. கால்வாய் வேலையை அவர்கள் கைவிடுவதற்குள் இருபதாயிரம் பேருக்கு மேல் செத்திருப்பார்கள் என்பது மதிப்பீடு. மலேரியாவும் இதில் சேர்த்தி.

1900-ல் வால்டர் ரீட் தலைமையில் அமெரிக்க ராணுவ டாக்டர்கள் ஹவானாவில் சோதனை செய்து ஃபின்லே சொன்னது சரி என்று நிரூபித்தார்கள். குழுவில் இருந்த ஜெஸ்ஸி லாசியர் அந்தச் சோதனையின்போதே கொசுக்கடியில் நோய் வந்து இறந்துபோனார். அப்புறம் பனாமாவுக்கு வந்த கோர்கஸ் என்ற டாக்டர் தேங்கிய தண்ணீரையெல்லாம் தேடித் தேடி ஒழித்தார். 1906-க்குள் அங்கே மஞ்சள் காய்ச்சல் இல்லை. கால்வாய் 1914-ல் திறந்தது.

இங்கேதான் நம்ம ஊர் கதைக்குள் வருகிறது. கால்வாய் திறந்தால் கப்பல்கள் குறுக்கு வழியில் ஆசியாவுக்கு வரும். காய்ச்சலும் கூடவே வந்துவிட்டால்? பிரிட்டிஷ் இந்திய அரசுக்கு இந்தப் பயம் நிஜமாகவே இருந்தது. எஸ்.பி.ஜேம்ஸ் என்ற மருத்துவ அதிகாரி இதை ஆராய்ந்து, இந்தியாவை மஞ்சள் காய்ச்சலிடமிருந்து காப்பது எப்படி என்று 1913-ல் கட்டுரையே எழுதினார். யோசித்துப் பாருங்க. கொசு இருக்கு. குரங்கு இருக்கு. கோடிக்கணக்கான ஜனம் இருக்கு, ஒருத்தர் உடம்பிலும் எதிர்ப்பு இல்லை. நோய் மட்டும்தான் இன்னும் வரலை. காய்ந்த வைக்கோல் போருக்குப் பக்கத்தில் யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்றுவரை அந்த நோய் ஆசியாவில் வேரூன்றவில்லை. ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்கிறார்கள், முழு விடை இன்னும் இல்லை. ஆனால் இங்குள்ள உடம்புகள் தாங்காது என்பதற்கு ஒரு சோகமான சாட்சி உண்டு. 1920களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் குழு மேற்கு ஆப்பிரிக்காவில் இந்த வைரஸைத் தேடிக்கொண்டிருந்தது. நோயாளியின் ரத்தத்தை அந்த ஊர்க் குரங்குகளுக்கு ஏற்றிப் பார்த்தால் ஒன்றும் ஆகாது. அவை அந்த வைரஸோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பழகியவை. கடைசியில் ஆசியாவிலிருந்து குரங்குகளை வரவழைத்தார்கள். இந்தியாவின் ரீசஸ் குரங்கும் அதில் உண்டு. 1927 ஜூனில் இன்றைய கானாவில் அசிபி என்ற 28 வயது இளைஞரின் ரத்தத்தை ரீசஸுக்கு ஏற்றினார்கள். குரங்கு செத்தது. வைரஸ் கையில் கிடைத்தது.

அசிபி பிழைத்துக்கொண்டார். என் வயசு ஆளு. அவரைப் பற்றி இதுக்கு மேல புத்தகங்கள்ல பெரிசா ஒண்ணும் கிடைக்கறதில்லை. டாக்டர்களைப் பற்றித்தான் பக்கம் பக்கமா இருக்கு. அவங்களும் சும்மா பேர் வாங்கலை. அந்தக் குரங்கு வேலையை முன்னின்று செய்த ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அதே வருஷம் செப்டம்பரில் லாகோஸில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். காரணம் வைரஸ் இல்லை, வேறொரு கிருமி என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த ஜப்பானியர் நோகுச்சி, சரிபார்க்க அக்ராவுக்கு வந்து 1928 மே மாசம் அதே நோயில் இறந்தார். பின்னாளில் ஜப்பான் ஆயிரம் யென் நோட்டில் போட்டது அவர் படத்தைத்தான். அவர் உடலைப் பரிசோதித்த வில்லியம் யங் சில நாட்களிலேயே அதே நோயில் போனார்.

அசிபியின் ரத்தத்தில் கிடைத்த வைரஸை வைத்துத்தான் மேக்ஸ் தைலர் நியூயார்க்கில் தடுப்பூசி செய்தார். அவருக்கும் சோதனைச் சாலையிலேயே ஒருமுறை காய்ச்சல் வந்து பிழைத்தவர். வைரஸை எலிக்கரு, கோழிக்கரு என்று மாற்றி மாற்றி வளர்த்துக்கொண்டே போனார். 89-ஆவது தடவைக்கும் 114-ஆவது தடவைக்கும் நடுவில் எங்கேயோ அது பல் பிடுங்கின பாம்பாக மாறியிருந்தது. சரியாக எந்தத் தடவையில், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. (எந்த பில்டில் பக் சரியானதுன்னு தெரியாம, ஆனா சரியாயிடுச்சுன்னு ரிலீஸ் பண்றோமே, அதே கதை :-) ) அதுதான் 17டி. 1937-ல் வெளியானது, 1951-ல் அவருக்கு நோபல் பரிசு. இன்றைக்கும் உலகத்தில் போடும் மஞ்சள் காய்ச்சல் ஊசி எல்லாம் அந்த வம்சம்தான். கோழிமுட்டையில் வளர்ப்பதால், முட்டை சாப்பிட்டால் ஒவ்வாமை வருகிறவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இப்போ அக்கா சொன்ன மஞ்சள் காமாலை. ஆரம்ப காலத்தில் ஊசி மருந்து கெடாமல் இருக்க அதில் மனித ரத்தத்தின் சீரத்தைக் கலந்தார்கள். 1942-ல் அப்படி ஊசி போட்டுக்கொண்ட அமெரிக்கப் படைவீரர்களில் சுமார் ஐம்பதாயிரம் பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. சீரத்தில் இருந்தது ஹெபடைட்டிஸ் பி என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் உறுதியானது. வெளியில் தெரியாமல் தொற்றியவர்களையும் சேர்த்தால் மூன்று லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிட்டார்கள். அந்தச் சீரத்தை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள், அதனால் இன்றைய ஊசியில் அந்தப் பயம் இல்லை.

சரி, பத்து நாள் எங்கிருந்து வந்தது? ஊசி போட்ட பத்து நாளில் 80 முதல் 100 சதவீதம் பேருக்கு எதிர்ப்பு வந்துவிடுகிறது, முப்பது நாளில் 99 சதவீதத்துக்கும் மேல். அட்டையின் பத்து நாள் அதுதான். முன்பு அந்த அட்டைக்குப் பத்து வருஷம்தான் ஆயுசு. ஒரு ஊசி ஆயுளுக்கும் போதும் என்று தெரிந்தபின் 2016 ஜூலையிலிருந்து அட்டையும் ஆயுளுக்கும் செல்லும்.

அட்டை இல்லாமல் கென்யா மாதிரி நாட்டிலிருந்து வந்து இறங்கினால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். கொசு கடித்து நோய் தலைகாட்ட எடுக்கும் காலம் மூன்றிலிருந்து ஆறு நாள். அந்த ஆறு. (இந்த அடைப்பு நம்ம ஆட்களுக்குப் புதுசு இல்லை. ராமேஸ்வரம் ரயில் பாதையில் இருக்கும் மண்டபம் கேம்ப், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை நிறுத்தி வைத்து நோய் பார்த்து அனுப்பிய முகாம்.) ரொம்பக் கெடுபிடி என்று தோன்றினால் 2016-ஐப் பாருங்கள். அங்கோலாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது அங்கே வேலைக்குப் போயிருந்த சீனர்களில் 11 பேர் நோயோடு ஊர் திரும்பினார்கள். நல்லவேளை, சீனாவில் பரவவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு ராத்திரி அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, அந்த அட்டை நம்ம ஊருக்காக. அவன் அங்கேர்ந்து எதையும் கொண்டு வந்துடக் கூடாதுன்னு கவர்மென்ட் கேக்குது. உன் கணக்குப்படி அவன் திரும்பி வர்றப்போ அட்டை செல்லும். ஆனா கென்யாவுல இறங்கறப்போ அவன் உடம்புக்கு நாலு நாள்தான் ஆயிருக்கும். முதல் ஆறு நாள் ஊசி போடாதவன் மாதிரிதான் சுத்துவான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "இதை ஏன்டா அந்தப் பேப்பர்ல போடலை?" என்றாள். நியாயமான கேள்வி. அந்தச் சுற்றறிக்கையில் அட்டை செல்லும் தேதி மட்டும்தான் இருந்தது.

ரெண்டு நாள்ல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குக் கூட்டிப் போனாள். 1899-ல் அம்மை ஊசி மருந்து தயாரிக்க ஆரம்பித்த இடம். கிளம்ப இன்னும் பதினைந்து நாள் இருந்தது. அக்கா பயந்த மாதிரியே பையனுக்கு ரெண்டு நாள் காய்ச்சல் அடித்து இயற்பியல் பரீட்சை போச்சு. "எல்லாம் மாமாவாலதான்"னு இன்னும் சொல்லிக்கிட்டிருக்கான். மார்க் குறைஞ்சதுக்குச் சொல்றானா, எழுதாம தப்பிச்சதுக்குச் சொல்றானான்னு தெரியலை.

போய்ட்டு வந்துட்டான். சிங்கம் பார்த்தானாம். இப்போ சண்டை மலேரியா மாத்திரையில். நீலகிரியில் 1860களில் சிங்கோனா மரம் வளர்த்துக் கொய்னா எடுத்த கதையை இங்கே ஆரம்பித்தால் முடியாது, தனிப் பதிவு போடறேன். அவனுக்கு டாக்டர் கொடுத்தது டாக்ஸிசைக்ளின். ஊர் திரும்பியும் நாலு வாரம் தினம் ஒண்ணு போடணும். கொசு கடித்தவுடன் மலேரியாக் கிருமி போய் ஒளிவது ஈரலில். இந்த மாத்திரை அங்கே சரியாக எட்டாது, கிருமி ரத்தத்துக்கு இறங்கி வரும்போதுதான் பிடிக்கும். கடைசி நாள் கடித்த கொசுவுக்கும் சேர்த்துக் காத்திருக்கணும்.

நேத்து போன் பண்ணிக் கேட்டேன், போட்டியாடான்னு.

"நான்தான் நல்லா இருக்கேனே மாமா."

"அட்டையில எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கு, எண்ணு."

எண்ணினான். பதினாலு இருக்கணும். பதினாறு இருக்கு. ஸ்பீக்கர்ல அக்கா கேட்டுக்கிட்டிருந்தா போல. போன் கட் ஆயிடுச்சு.