பருவம் அறிந்து நட்டோர்

இஸ்லாமிய நாகரிக வரலாற்றை எழுதுவோர் மருத்துவத்தையும் வானியலையும் விரித்துரைப்பர். தோட்டக்கலையை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவர். ஆயினும் முஸ்லிம் அறிஞர்கள் தனி நூல்கள் இயற்றிய துறைகளுள் ‘ஃபிலாஹா’ எனப்படும் வேளாண் கலையும் ஒன்றாகும். இளவேனிலுக்கென வீட்டுத் தோட்டத்தில் எப்பூவை எப்போது நடுவது என்று வினவுவோர்க்கு அந்நூல்கள் தரும் பாடம் இன்றும் பயனுடையது.

ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாள்களைக் கொண்ட சந்திர ஆண்டு. சூரிய ஆண்டைவிட அது பத்துப் பதினொரு நாள் குறைவு. ஆதலால் ‘ரபீஃ’ என்னும் சொல்லுக்கு வசந்தம் என்பது பொருளாயினும், ரபீஉல் அவ்வல் மாதம் எல்லாப் பருவங்களிலும் சுற்றி வருகிறது. வணக்கத்திற்குச் சந்திரக் கணக்கு, விதைப்புக்குச் சூரியக் கணக்கு என்பதில் முன்னோர்க்குக் குழப்பம் இருந்ததில்லை. கி.பி. 961ஆம் ஆண்டைச் சார்ந்த குர்துபா நாட்காட்டி, உழவுப் பணிகளை ரோமானியச் சூரிய மாதங்களின் வரிசையில் கூறுகிறது. எகிப்தின் உழவர்கள் கிப்தி மாதங்களைப் பின்பற்றினர். யமனை ஆண்ட ரசூலி மரபினரான அல்மலிக்குல் அஷ்ரஃப் உமர், 1271இல் தம் நாட்டுக்கென ஒரு பயிர்ப் பஞ்சாங்கம் வகுத்தார். குர்துபாவின் கணக்கு யமனுக்குப் பொருந்தாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இவ்வறிஞர்கள் ஏட்டறிவோடு நின்றவர்களும் அல்லர். துலைத்துலா நகரின் அரசத் தோட்டத்தில் பணியாற்றிய இப்னு பஸ்ஸால், 1085இல் அந்நகர் வீழ்ந்தபின் இஷ்பீலியாவில் தம் பணியைத் தொடர்ந்தார். சொந்த அனுபவமே அவருடைய நூலின் அடிப்படை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், ரோஜா, மல்லிகை, நர்கிஸ் உட்பட 500க்கும் மேற்பட்ட தாவரங்களைத் தம் ‘கிதாபுல் ஃபிலாஹா’வில் விவரித்தார். முன்னோர் கூற்றுகளைத் தொகுத்தளித்ததோடு, தாமே நட்டுச் சோதித்தும் பார்த்தார்.

இவ்வளவுகோலைக் கள்ளக்குறிச்சிக்குப் பொருத்திப் பார்ப்போம். ஐரோப்பியத் தோட்ட நூல்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடச் சொல்வது, அங்கே பனி விலகி மண் வெதும்பும் காலம் அது என்பதால். கல்வராயன் மலையடிவாரத்திலோ சித்திரை வெயில் இளங்கன்றைக் கருக்கிவிடும். இங்கு இளவேனில் பூக்கும் காலமேயன்றி நடும் காலம் அன்று. நடவுக்கு உரியவை ஆடி முதல் கார்த்திகை வரையிலான மழை மாதங்கள்.

அரபுலகில் ‘ஃபுல்’ என வழங்கும் குண்டுமல்லியை இம்மாதங்களில் ஓர் அடிக் குழியில், தொழுவுரமிட்டு நடலாம். வளர்ந்த செடியை நவம்பர் இறுதியில், அதாவது நடுக் கார்த்திகையில், நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டுக் கத்தரித்தால் மார்ச் தொடங்கி மலரும். பங்குனி மல்லிகைக்குக் கார்த்திகையிலேயே உழைக்க வேண்டும் என்பது இதன் பொருள். அரபு நாடுகள் பலவற்றில் ‘ரைஹான்’ என அறியப்படுவது நம் திருநீற்றுப் பச்சையே. தையில் விதைத்தால் வெயில் முற்றுமுன் மணம் வீசும். துலுக்கச் சாமந்தியையும் தையில் நாற்றுவிட்டு, மாசியில் பிடுங்கி நடலாம். மலைமேல் உள்ள ஊர்களில் குளிர்ச்சி மிகுதியாதலால் இக்கணக்கு சற்று மாறும். அங்குள்ளோரின் பட்டறிவே அதற்கு வழிகாட்டி.

துலுக்கச் சாமந்தியின் பெயரும் சிந்தனைக்குரியது. அதன் தாயகம் துருக்கியோ அரபு நாடோ அன்று, மெக்சிகோ. கடல்கடந்து வந்த பூவுக்கு அந்நாள் மக்கள் தாம் அறிந்த அயலார் பெயரைச் சூட்டினர்; மக்காச்சோளமும் அவ்வாறு அமெரிக்காவிலிருந்து வந்ததே. பெயரைக்கொண்டு பூவின் பிறப்பிடத்தை அறிய இயலாதவாறே, மாதத்தின் பெயரைக்கொண்டு மண்ணின் பருவத்தையும் அறிய இயலாது.

மனிதரோ பறவையோ கால்நடையோ உண்ணுமாறு ஒரு முஸ்லிம் நடும் பயிர் அவருக்குத் தருமமாகும் என்பது நபிமொழி காட்டும் நெறி. அந்நற்செயலை அவரவர் ஊரின் மழையறிந்து செய்வதே இப்னுல் அவ்வாம் போன்றோர் நமக்கு விட்டுச்சென்ற மரபாகும்.