கல்லில் வெட்டிய ஒற்றுமை

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியின் பெயரைப் புவியியல் மாணவர்கள் அறிவர். அங்குள்ள சுண்ணாம்புக்கல்லில், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கடற்சிப்பிகள் பதிந்து கிடக்கின்றன. அந்தக் கல் கடலின் கதையைச் சொல்கிறது. அதே வட்டாரத்தில், பெரம்பலூர் மாவட்டத்து ஆடுதுறைக் கோயிலில், மனிதரின் கதையைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று உண்டு. அதைக் காண்போமா?

சோழர் காலம் முதலே தமிழகத்துச் சாதிகளில் பல, வலங்கை, இடங்கை என இரு அணிகளாகப் பிரிந்திருந்தன. முதலாம் குலோத்துங்கன் ஆட்சித் தொடக்கத்திலேயே இவர்களின் மோதலில் ஓர் ஊர் தீக்கிரையாயிற்று.

ஆனால் 1429இல் நடந்தது வேறு. விஜயநகர ஆட்சியில் அதிகாரிகளும் நிலவுடைமையாளரும் சுமத்திய வரிகளைத் தாங்க முடியவில்லை. வலங்கை 98, இடங்கை 98 சாதியாரும் ஒன்று கூடினர். எந்த வரியை எவ்வளவு செலுத்துவது என்று தாங்களே முடிவு செய்து கல்லில் வெட்டினர். மயிலாடுதுறைப் பக்கத்துக் கொறுக்கையிலும் இத்தகைய கல்வெட்டு உள்ளது.

பகைவர்கள் எப்படிக் கூடினர்? 1954இல் அமெரிக்காவின் ஒக்லகோமாவில், முசாபர் ஷெரிப் என்ற உளவியலார் 22 சிறுவர்களை இரு குழுக்களாக்கிப் போட்டியில் இறக்கினார். பகை மூண்டது. ஒரே கூடத்தில் உணவளித்தும் பகை தணியவில்லை; உணவையே வீசிச் சண்டையிட்டனர். பிறகு முகாமின் குடிநீர் தடைப்பட்டது; லாரி நின்றுபோயிற்று. இரு குழுவும் கைகோத்தாலன்றித் தீராத வேலைகள் இவை. இவற்றை ஆய்வாளர்களே திட்டமிட்டு ஏற்படுத்தியிருந்தனர். அடுத்தடுத்து இப்படி உழைத்த பிறகே பகை படிப்படியாகக் குறைந்தது.

‘படிப்படியாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 1429இன் ஒற்றுமை நிலைக்கவில்லை. 1707இல் சென்னையில் ஊர்வலத் தகராறில் இரு அணியினரும் மீண்டும் மோதினர். ஆளுநர் தாமஸ் பிட் இருவருக்கும் தனித்தனித் தெருக்களை ஒதுக்கினார். தெருக்கள் பிரிந்தன, பகை பிரியவில்லை. அடுத்த நூற்றாண்டிலும் பூசல்கள் தொடர்ந்தன.

ஆகவே, வேலி போடுவதும் போதாது. ஒரு நாள் சேர்ந்து உண்பதும் போதாது. இரு தரப்புக்கும் தேவையான வேலையை இரு தரப்பும் சமமாக நின்று மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும். உங்கள் ஊரில் அப்படிப்பட்ட வேலை எது? தூர்ந்த ஏரியா, பழுதான பள்ளிக் கட்டடமா? சிந்தித்துப் பாருங்கள்.